வீட்டில் கட்டும் விமானத்தின் உடல்: எதை முதலில் சேர்ப்பது, எதைக் கடைசியில் மூடுவது? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டிப் பாலக்காடு போகும் சாலையில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் தகட்டுப் பட்டறை இருக்கிறது. நண்பர்கள் சேர்ந்து இரண்டு பேர் உட்காரும் விமானம் ஒன்றின் உடலை அங்கே கட்டிக்கொண்டிருக்கிறோம். பார்க்க வருகிறவர்களில் கோவை, பாலக்காடு இன்ஜினியரிங் கல்லூரிப் பிள்ளைகள் உண்டு. சூலூரில் விமானப்படையின் பழுதுபார்ப்பு மையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் உண்டு. வளைகுடாவிலிருந்து லீவில் வந்து, 'நானும் ஒரு கிட் வாங்கலாம்னு இருக்கேன்' என்று சொல்கிறவர்களும் உண்டு (கிட் என்றால் நாமே சேர்த்துக் கட்டப் பாகங்களாக வரும் விமானத் தொகுப்பு). ரிவெட் (தகடுகளை இணைக்கும் ஆணி) எப்படி அடிப்பது என்பதில் யாருக்கும் பெரிய சந்தேகம் இல்லை. எதை முதலில் அடிப்பது என்பதில்தான் எல்லாரும் தடுமாறுகிறார்கள்.

அவர்கள் கேட்டதை அவர்கள் வார்த்தையிலேயே போட்டுப் பதில் எழுதியிருக்கிறேன். பெரும்பாலும் அலுமினியத் தகடு விமானத்தைப் பற்றியது. மரம், எஃகுக் குழாய் பற்றிப் பின்னால் வருகிறது.

"ஃபியூசலாஜ்ங்கறது எதுல இருந்து எது வரைக்குங்க?"

இன்ஜினுக்குப் பின்னால் நிற்கும் ஃபயர்வாலிலிருந்து வால் நுனி வரை. இறக்கையும் வால் சிறகுகளும் தனியாகக் கட்டி வந்து இதில் பொருத்தப்படுபவை.

ஃபயர்வால் பெரும்பாலும் மெல்லிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு. இன்ஜின் பக்கம் தீப்பிடித்தால் கொஞ்ச நேரமாவது தாங்க வேண்டும். முன்னிருந்து பின்வரை நெடுக ஓடும் கோணங்கள் லாங்கரான்; பொதுவாக நான்கு. குறுக்கே நிற்கும் சட்டங்கள் பல்க்ஹெட். மேலே போர்த்துவது ஸ்கின். இறக்கையின் முதுகெலும்பான ஸ்பார் வந்து போல்ட்டில் சேரும் கனமான நடுச் சட்டம் சென்டர் செக்‌ஷன். இருக்கைக்குப் பின்னால் குறுகிக்கொண்டே போகும் பகுதி டெயில்கோன். இனி இந்தப் பெயர்களையே சொல்கிறேன்.

"கிட் வாங்கினா புத்தகம் வருதே அண்ணா. அதுல இருக்கற வரிசைல போனா முடிஞ்சுதுல்ல?"

முக்கால்வாசி முடிந்தது. நல்ல கிட் புத்தகத்தின் வரிசை நிறையப் பேர் கட்டிப் பார்த்துத் திருத்தியது. தக்க காரணம் இல்லாமல் அதை மாற்றாதீர்கள். அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்தில் ரிச்சர்ட் வான்கிரன்ஸ்வன் 1973-இல் தொடங்கிய வான்ஸ் நிறுவனத்தின் ஆர்வி விமானங்களை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ஆர்வி-4, ஆர்வி-6 கட்டியவர்கள் ஜிக் (துண்டுகளை அசையாமல் பிடித்து நிறுத்தும் சட்டம்) செய்து, தாங்களே அளந்து துளை போட்டார்கள். பின்னால் வந்த ஆர்வி-7 தகடுகளில் துளைகள் கொஞ்சம் சிறிதாக முன்கூட்டியே போடப்பட்டு வந்தன. ஆர்வி-14-இல் பெரும்பாலான துளைகள் கடைசி அளவிலேயே வருகின்றன. துளை துல்லியமாக வரவர, வரிசையைப் பற்றி நீங்கள் எடுக்க வேண்டிய முடிவுகள் குறைகின்றன.

ஆனால் நீங்கள் சேர்க்கப்போகும் சாமான்கள் புத்தகத்துக்குத் தெரியாது. வலது இருக்கைக்கும் பிரேக், ஒரு ஆட்டோபைலட், கூடுதல் ஆன்டெனா, பின்னால் வைக்கும் பேட்டரிக்குத் தடித்த வயர், இதெல்லாம் நடுவில் நுழையும்போது வரிசை மாறும். வெறும் வரைபடம் வாங்கிக் கட்டுபவர்களுக்கோ புத்தகமே கிடையாது. வரைபடம் முடிந்த உருவத்தைத்தான் காட்டும். எப்படி அங்கே போய்ச் சேர்வது என்பதைச் சொல்லாது.

"வால், இறக்கை, உடம்பு. இதுல எதை முதல்ல கட்டணும்?"

தகட்டு விமானத்தில் வால், இறக்கை, அப்புறம் உடல் என்பதுதான் வழக்கம். வால் சிறியது, விலை குறைவு. பிசிறு எடுப்பது, டிம்பிள் போடுவது (ரிவெட் தலை தகட்டோடு சமமாக உட்காரத் துளையைச் சுற்றிக் குழிப்பது), பிரைமர் என்னும் அடிப்பூச்சு அடிப்பது, ரிவெட் அடிப்பது எல்லாவற்றையும் அதில் பழகிக்கொள்ளலாம். ஒரு தகடு கெட்டால் மாற்றி வாங்கவும் முடியும். கை திருந்திய பிறகு உடலுக்கு வந்தால் வேலை சுத்தமாக இருக்கும்.

இட வசதியும் ஒரு காரணம். கட்டி முடித்த இறக்கையைச் சுவரோரம் ஒரு ஸ்டாண்டில் நிறுத்திவிடலாம். உடல் பட்டறையின் நடுவில் உட்கார்ந்தால் எழுந்திருக்காது. அதைச் சுற்றி நாலு பக்கமும் ஆள் நடக்க வேண்டும், அடிப்பக்கம் போக வேண்டும், ஒரு கட்டத்தில் தலைகீழாகப் புரட்ட வேண்டும்.

"உடம்பை முன்னாடி இருந்து கட்டறதா, பின்னாடி இருந்தா?"

நடுவிலிருந்து யோசியுங்கள். பறக்கும்போது விமானத்தின் எடை முழுவதையும் இறக்கை தூக்குகிறது. அந்தப் பாரம் உடலுக்குள் வரும் இடம் சென்டர் செக்‌ஷன். இருக்கை, ஓட்டுபவர் பிடிக்கும் ஸ்டிக், சக்கரக்கால், வாலின் கோணம் எல்லாமே அதை வைத்துத்தான் அளக்கப்படுகின்றன. அது நேராக நின்றால் முன்னாலும் பின்னாலும் வருபவற்றுக்கு ஒரு ஆதாரம் கிடைக்கும். அது ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அப்புறம் எவ்வளவு கவனமாகக் கட்டினாலும் சாய்வு கூடவே வரும்.

வேலை நடைமுறையில், ஃபயர்வால், நடுப்பகுதி, டெயில்கோன் ஆகியவற்றைத் தனித்தனி உருப்படிகளாக மேசையில் கட்டி, பிறகு ஒன்றாகச் சேர்ப்பார்கள். சேர்க்கும்போது பல வடிவமைப்புகளில் உடல் தலைகீழாக இருக்கும். அடித்தகடு போர்த்தி ரிவெட் ஆன பிறகு நாலைந்து பேர் பிடித்துப் புரட்டுவார்கள். மேலே திறந்து படகு போல இருப்பதால் உலகெங்கும் கட்டுபவர்கள் அதைக் கனூ நிலை என்கிறார்கள். உள்வேலைகளில் முக்கால்வாசி அந்தத் திறந்த நிலையில்தான் நடக்கும்.

"துளை எல்லாம் கரெக்டா வருதுன்னா ஜிக் எதுக்கு?"

துளை பொருந்திவிட்டால் முறுக்கு வராது என்று நம்பக்கூடாது. மெல்லிய தகட்டை லேசாக முறுக்கியும் கிளெகோ (ரிவெட் அடிக்கும்வரை துளையில் மாட்டித் தகடுகளைப் பிடித்து நிறுத்தும் தற்காலிகப் பின்) மாட்டிவிடலாம். அந்த முறுக்கோடு ரிவெட் அடித்துவிட்டால் அது நிரந்தரம். பெரிய ஜிக் வேண்டாம், ஆனால் அளந்து பார்க்கும் ஏற்பாடு வேண்டும். கொத்தனார்கள் பயன்படுத்தும் நீர்மட்டக் குழாயும் தூக்குக்குண்டும் போதும். இடது, வலது லாங்கரான்களை முன்னால், நடுவில், பின்னால் என்று மட்டம் பாருங்கள். ஒவ்வொரு பல்க்ஹெட்டின் மையத்திலிருந்தும் குண்டு தொங்கவிட்டுத் தரையில் அடித்த நேர்கோட்டில் விழுகிறதா பாருங்கள். ரிவெட் அடிக்கும் முன் ஒரு தடவை, பாதி அடித்தபின் ஒரு தடவை.

துளை போடாத தகடு, வெறும் வரைபடம் என்றால் ஜிக் கட்டாயம். அப்போது வரிசையை முடிவுசெய்வதே ஜிக்தான். அது எதைப் பிடித்திருக்கிறதோ அது கடைசிவரை அசையக் கூடாது.

"சரி, வரிசையைப் பேப்பர்ல எப்படிப் போடறது? எங்க ஆரம்பிக்கணும்?"

கடைசியிலிருந்து ஆரம்பியுங்கள். விமானம் முடிந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வேறு எதையும் தொடாமல் எந்தத் துண்டைக் கழற்ற முடியும்? அதுதான் கடைசியாக மாட்ட வேண்டியது. அதைக் கழற்றியாயிற்று, இப்போது எது கழலும்? இப்படியே பின்னால் போனால் கடைசியில் ஒரே ஒரு துண்டு மேசையில் இருக்கும். உங்கள் முதல் நாள் வேலை அதுதான்.

ஒவ்வொரு துண்டிலும் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். இதை மூடிய பிறகு உள்ளே கையும் பக்கிங் பாரும் (ரிவெட் அடிக்கும்போது பின்னால் தாங்கிப் பிடிக்கும் இரும்புக் கட்டி) போகுமா? இந்தத் துண்டு எங்கே நிற்க வேண்டும் என்று முடிவு செய்வது எது? முதல் கேள்விக்குப் 'போகாது' என்று பதில் வந்தால், உள்ளே இருக்கும் வேலை எல்லாம் முன்னால் வர வேண்டும். இரண்டாவது கேள்விக்கு வரும் பதில் எந்தத் துண்டோ, அது முன்னால் வர வேண்டும். தினசரி காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் துண்டுக்கு ஒன்றாக எழுதி, மேசையில் பரப்பி மாற்றி மாற்றி அடுக்குங்கள். நோட்டில் எழுதினால் அடித்துத் திருத்தியே பக்கம் நிறைந்துவிடும்.

ஒரு சின்ன உதாரணம். சாமான் வைக்கும் தளத்துக்கு அடியில் எலிவேட்டரை (விமானத்தின் மூக்கை ஏற்றி இறக்கும் வால் சிறகை) அசைக்கும் தண்டு ஓடுகிறது. அந்தத் தண்டு, அசைவின் திசையை மாற்றும் ஒரு பெல்கிராங்கில் சேர்கிறது. பெல்கிராங்கைத் தாங்கும் பிராக்கெட் பல்க்ஹெட்டில் ரிவெட் ஆகிறது. பிராக்கெட்டின் பின்னால் போல்ட் பிடிக்க ஒரு நட்பிளேட் (தகட்டோடு ரிவெட் ஆகி நிற்கும் நட்டு). பின்னாலிருந்து வாருங்கள்: தளம் கடைசி. அதற்கு முன் தண்டு மாட்டி, முழு வீச்சில் அசைத்து, எங்கும் உரசவில்லை என்று பார்த்திருக்க வேண்டும். அதற்கு முன் பெல்கிராங்க், அதற்கு முன் பிராக்கெட். நட்பிளேட்டோ பிராக்கெட் மேசையில் தனியாக இருக்கும்போதே ரிவெட் ஆகியிருக்க வேண்டும், ஏனென்றால் பல்க்ஹெட்டில் ஏறிய பிறகு, ரிவெட்டை அழுத்தி நசுக்கும் ஸ்க்வீசரின் வாய் அங்கே நுழையாது. இரண்டு விரல் அகலமுள்ள ஒரு நட்பிளேட் ஒரு மாத வேலையின் வரிசையைத் தீர்மானிக்கிறது. இப்படிப்பட்ட சின்னச் சாமான்களைத்தான் முதலில் தேடிப் பிடிக்க வேண்டும்.

"மொதல்ல சேர்க்கறாங்க, அப்புறம் எல்லாத்தையும் கழட்டறாங்க, மறுபடி சேர்க்கறாங்க. எதுக்கு இந்த ரெட்டை வேலை?"

முதல் தடவை சேர்ப்பது துளைக்காக. எல்லாத் துண்டும் தன் இடத்தில் கிளெகோவில் நிற்கும்போது ஒன்றாகத் துளையைக் கடைசி அளவுக்குப் பெரிதாக்குகிறோம். அப்போதுதான் மூன்று தகட்டின் துளையும் ஒரே கோட்டில் வரும். கழற்றுவது, துளை விளிம்பின் பிசிறை எடுக்க, டிம்பிள் போட, பிரைமர் அடிக்க. பிசிறோடு ரிவெட் அடித்தால் தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டி உட்காராது, விரிசலும் அங்கிருந்துதான் கிளம்பும். தகடும் தகடும் முகம் சேரும் இடத்தில் பிரைமர் இல்லாவிட்டால் ஈரம் புகுந்து அரிக்கும், வெளியிலிருந்து தெரியாது. நம் பக்கத்து மழைக்கு இதை விட்டுவிட முடியாது.

கிளெகோவின் நிறம் துளையின் அளவைச் சொல்லும்: வெள்ளி நிறம் 3/32 அங்குலம், செம்பு நிறம் 1/8, கறுப்பு 5/32. ஒரு தகட்டில் நிறம் கலந்து நின்றால் அங்கே துளை வேலை இன்னும் பாக்கி இருக்கலாம்.

"ரிவெட் அடிக்கறதுலயே வரிசை உண்டா? ஓரத்துல இருந்து அடிச்சுட்டுப் போகலாமா?"

ஓரத்திலிருந்து ஓரத்துக்கு வரிசையாக அடிக்காதீர்கள். ஒவ்வொரு ரிவெட்டும் தகட்டை மிக மிகக் கொஞ்சம் நகர்த்தும், விரிக்கும். ஒரு முனையிலிருந்து அடித்துக்கொண்டே போனால் அந்த நகர்வெல்லாம் சேர்ந்து மறுமுனையில் அலையாக நிற்கும்; விரலால் அழுத்தினால் டக் டக்கென்று உள்ளே வெளியே போகும். நடுவிலிருந்து வெளியே போங்கள். ஒன்று விட்டு ஒன்று கிளெகோ நிற்கட்டும், இடையில் உள்ளதை அடித்துவிட்டு அப்புறம் கிளெகோவைக் கழற்றி மீதியை அடியுங்கள். தகட்டில் கை எட்டாத உள்மூலை எது என்று முதலில் பார்த்து, அதை விளிம்புகள் மூடும் முன்னால் முடித்துவிடுங்கள்.

அடித்த ரிவெட்டின் பின்தலை, ரிவெட்டின் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு அகலமும் பாதி மடங்கு உயரமும் இருக்க வேண்டும். 1/8 அங்குல ரிவெட் என்றால் 3/16 அகலம், 1/16 உயரம். எட்டிப் பார்க்க முடியாத இடத்தில் கண்ணாடி வைத்தாவது இதைப் பாருங்கள். பார்க்கவே வழியில்லை என்றால் வரிசை தப்பு.

"நான் தனியாத்தான் கட்டப்போறேன். வரிசை மாறுமா?"

மாறும். மேசையில் ஸ்க்வீசரால் முடிக்கக்கூடியதை எல்லாம் மேசையிலேயே முடித்துவிட வேண்டும். ரிவெட் அடிக்கும் கன்னை ஒரு கையிலும் பக்கிங் பாரை மறு கையிலும் பிடித்துத் தகட்டின் இரு பக்கமும் எட்டக்கூடிய தூரம் கொஞ்சம்தான். அதைத் தாண்டியவற்றை கிளெகோவில் நிறுத்தி, சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பொறுமையான ஒருவர் வந்து உள்ளே படுத்து பார் பிடித்தால் ஒரே மூச்சில் முடியும். டெயில்கோனுக்குள் போக ஒல்லியான ஆளாகப் பாருங்கள். எங்களுக்கு வாய்த்தவர் பள்ளி வாத்தியார் ஒருவர், அவர் கை நடுங்காது.

"மூடறதுக்கு முன்னாடி உள்ள என்னென்ன போயிருக்கணும்?"

அதிகம் பேர் கேட்கும் கேள்வி இது. டெயில்கோனில் தொடங்குகிறேன், ஏனென்றால் மூடினால் மிகவும் கஷ்டப்படுத்துவது அதுதான். வாலில் திசை திருப்பும் ரடரின் கேபிள் ஓடும் துளைகளில் பிளாஸ்டிக் புஷ் உட்கார்ந்திருக்க வேண்டும், கேபிள் போகும் பாதை நேராக இருக்க வேண்டும். வெளிக்காற்றின் அழுத்தத்தை மீட்டர்களுக்குக் கொண்டுபோகும் ஸ்டாட்டிக் குழாய், வால் விளக்குக்கும் டிரிம் மோட்டாருக்கும் வயர், ஆன்டெனா வயர், இவை ஓட ஒரு வெற்றுக் குழாய். இன்னொரு வெற்றுக் குழாயும் சும்மா போட்டு வையுங்கள். பின்னால் ஒரு வயர் வேண்டும் என்று தோன்றும்போது அந்தக் குழாய் கை கொடுக்கும். ஆன்டெனாவின் அடியில் வைக்கும் இரட்டைத் தகட்டை இப்போதே ரிவெட் அடித்துவிடுங்கள், ஆன்டெனாவை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.

நடுப்பகுதியில் எரிபொருள் குழாய், பிரேக் குழாய், ஸ்டிக்கிலிருந்து இறக்கைக்குப் போகும் தண்டுகள், சீட் பெல்ட் மாட்டும் கொக்கிகள். பெல்ட் கொக்கியின் போல்ட்டைப் பின்னால் இறுக்கிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். அதன் நட்டு இருக்கைத் தளத்துக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். ஃபயர்வாலில் எல்லாத் துளைகளையும், அவற்றின் நட்பிளேட்டுகளையும் இன்ஜின் தொங்கும் முன் முடிக்க வேண்டும்.

இவ்வளவும் போட்டபின் ஸ்டிக்கையும் பெடலையும் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை ஆட்டிப் பார்த்து, உள்ளே டார்ச் அடித்து, எந்த வயரும் குழாயும் தண்டில் படவில்லை என்று இரண்டு பேர் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். அதன் பிறகுதான் மூடும் பேச்சு. பறக்கும்போது ஸ்டிக் சிக்கினால் இறங்கிப் பார்க்க முடியாது.

"முன்பக்க மேல்தகட்டை எப்பத்தான் ரிவெட் அடிக்கறது? அதைப் போட்டாத்தானே பிளேன் மாதிரி தெரியும்?"

அதனால்தான் அவசரப்படுகிறார்கள். மீட்டர் பலகையான பேனலுக்கும் ஃபயர்வாலுக்கும் நடுவே வரும் அந்தத் தகட்டுக்கு அடியில்தான் மீட்டர்கள், வயர்க்கட்டு, பெடல், பிரேக்கின் மாஸ்டர் சிலிண்டர், காற்றுக்குழாய் எல்லாம் நெருக்கியடித்து இருக்கும். தலையணை தைக்கிறவர் பஞ்சு அடைக்க ஒரு வாய் விட்டுத்தான் தைப்பார். நம் விமானத்தின் வாய் இதுதான். கிளெகோவில் மாட்டி அழகு பார்த்துவிட்டுக் கழற்றி வைத்துவிடுங்கள். பேனலுக்கு மின்சாரம் கொடுத்து ஒவ்வொரு சுவிட்சும் வேலை செய்கிறது என்று பார்த்த பிறகு அடியுங்கள்.

ஆனால் இருக்கைக்கு மேலே வரும் அக்ரிலிக் கூடான கேனபியைப் பொருத்தும் நேரத்தில் அந்தத் தகடு தன் இடத்தில் இருந்தே ஆக வேண்டும், கிளெகோவிலாவது. கேனபிச் சட்டம் அதன் வளைவை வைத்துத்தான் உட்காரும். அக்ரிலிக் குளிரில் வெட்டினால் விரிசல் விடும். நம் ஊர் வெயிலில் அந்தப் பயம் குறைவு. ஆனால் அது அலுமினியத்தைவிட மூன்று மடங்கு விரியும். அதனால் அக்ரிலிக்கில் போடும் துளை ஸ்க்ரூவைவிடப் பெரிதாக இருக்க வேண்டும்.

"மரத்துல கட்டினாலும் இதே வரிசைதானா? வெல்டிங் உடம்புக்கு?"

கடைசியிலிருந்து யோசிப்பது அதேதான், வேலை வேறு. பெர்னார்ட் பீட்டன்போல் 1929-இல் ஃபோர்டு மாடல் ஏ கார் இன்ஜினை வைத்துப் பறக்கவிட்ட ஏர் கேம்ப்பர் இன்றும் கட்டப்படுகிறது. அதில் உடலின் ஒரு பக்கச் சட்டத்தை மேசையில் படுக்கவைத்துக் கட்டி, அதையே அச்சாக வைத்து மறுபக்கத்தைக் கட்டுவார்கள். இரண்டும் ஒரே அளவு. அப்புறம் நிறுத்திக் குறுக்குச் சட்டம் போட்டு, பின்னால் வால் தூணில் சேர்ப்பார்கள். மரத்தில் கவனிக்க வேண்டியது வார்னிஷ். மூடும் முன் உள்பக்கம் முழுக்க அடித்தாக வேண்டும், ஆனால் பசை படும் இடத்தில் அடித்தால் பசை பிடிக்காது. அந்த இடங்களில் டேப் ஒட்டி மறைத்துவிட்டு அடியுங்கள்.

4130 என்னும் கலப்பு எஃகுக் குழாயில், முழு உடலையும் முதலில் டாக் அடித்து (சிறு புள்ளிகளாக மட்டும் பற்றவைத்து) நிறுத்தி, அளவு பார்த்து, அப்புறம்தான் முழு வெல்டிங். அதையும் ஒரே மூலையில் தொடர்ந்து செய்யாமல் இடம், வலம் என்று மாறி மாறிச் செய்ய வேண்டும். குளிரும்போது வெல்டு சுருங்கி இழுக்கும்; மாறி மாறிச் செய்தால் இழுப்பு சமமாகும். குழாயின் கடைசி முனை அடைபடும் முன் காற்று போக ஒரு சிறு துளை வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே சூடான காற்று உருகிய உலோகத்தை வெளியே தள்ளும்.

பர்ட் ரூட்டனின் லாங்-ஈஸி போன்ற ஃபோம், ஃபைபர்கிளாஸ் விமானத்தில் பக்கச் சுவர்களின் உள்பக்கக் கிளாஸ் முதலில், தட்டையாக இருக்கும்போதே. பல்க்ஹெட்டைச் சுற்றி வளைத்து நிறுத்தி, வெளியே செதுக்கிய பிறகுதான் வெளிக் கிளாஸ்.

"ஆடிக் காத்துலயும் மழையிலயும் வேலை செய்யலாமா? நம்ம ஊருக்குன்னு ஏதாவது மாத்தணுமா?"

பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வரும் காற்று மண்ணைக் கொண்டுவரும். எங்களைச் சுற்றிக் கயிற்று நார் களங்கள் இருப்பதால் நார்த்தூளும் வரும். பிரைமர், பசை, ஃபைபர்கிளாஸ் வேலைகளை அந்த மாதங்களில் வைக்காதீர்கள். ஈரக் காற்றில் சில ஈப்பாக்சிப் பிசின்களின் மேல் மெழுகு போல ஒரு படலம் வரும். தண்ணீரில் கழுவி உரசாமல் அடுத்த பூச்சு போட்டால் உரிந்துவிடும். பல்க்ஹெட்டுகளுக்கு எல்லாம் பங்குனிக்குள் பிரைமர் அடித்து வைத்துக்கொண்டால் மழையில் ரிவெட் வேலை, உள்வேலை பார்க்கலாம்.

வெயிலுக்கும் ஒரு கணக்கு உண்டு. 2.4 மீட்டர் அலுமினியத் தகடு 15 டிகிரி கூடுதல் சூடானால் சுமார் 0.8 மில்லிமீட்டர் நீளும். 3/32 ரிவெட்டின் விட்டமே 2.4 மில்லிமீட்டர்தான். தகடும் சட்டமும் சேர்ந்து சூடானால் கவலையில்லை. தகடு வாசலில் வெயிலில் கிடந்து, சட்டம் உள்ளே நிழலில் இருந்தால் துளை ஒத்துவராது. ஒத்துவந்தாலும் சாயங்காலம் தகடு சுருங்கி இழுக்கும். நீளத் தகடுகளை முந்தின இரவே உள்ளே கொண்டுவந்து, காலையில் அடியுங்கள். மர ஜிக், எஃகு ஜிக் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம், அவை அலுமினியம் அளவுக்கு விரியாது.

"இறக்கையை எப்ப மாட்டிப் பார்க்கணும்? ஏர்ஃபீல்டுக்குப் போய்த்தான் மாட்டப்போறோம்னா இப்ப எதுக்கு?"

பல கிட்களில் முன் ஸ்பாரின் போல்ட் துளைகள் தொழிற்சாலையிலேயே போடப்பட்டு வரும். பின் ஸ்பாரின் துளையை நீங்கள்தான் போட வேண்டும். இறக்கையின் கோணமும், இரு பக்கமும் சமமாகப் பின்வாங்கியிருக்கிறதா என்பதும் அந்தத் துளையில்தான் முடிவாகும். இறக்கை நுனியிலிருந்து வாலில் ஒரு புள்ளிவரை இடமும் வலமும் ஒரே தூரம் வர வேண்டும். துளையின் மையத்திலிருந்து தகட்டின் விளிம்பு வரை போல்ட் விட்டத்தைப்போல இரண்டு மடங்காவது மிச்சம் இருக்க வேண்டும். 5/16 அங்குல போல்ட்டுக்கு 5/8.

இதைச் செய்யும்போது உள்ளே கையும் டிரில்லும் போக வேண்டும். ஆகவே இருக்கைத் தளமும் பக்கவாட்டு மூடிகளும் ரிவெட் ஆகும் முன், வால் தற்காலிகமாக நிற்கும் நிலையில், ஒரு தடவை இறக்கையை மாட்டியே ஆக வேண்டும். பட்டறையில் அகலம் போதாவிட்டால் கல்யாண மண்டபமோ களமோ ஒரு நாளைக்குக் கேட்டு வாங்குங்கள். ஒரு பக்கமாக மாட்டிப் பார்ப்பதும் உண்டு, ஆனால் சமம் பார்ப்பது சிரமம்.

"ஒரு பார்ட் வரலை. மூணு மாசம் ஆகும்ங்கறாங்க. அதைத் தாண்டி வேலை பண்ணலாமா?"

காலண்டர் தாள் அடுக்கை எடுங்கள். வராத துண்டு வேறு எதன் இடத்தையாவது தீர்மானிக்கிறதா? ஆமாம் என்றால் அந்தப் பக்கம் போகவே வேண்டாம். இல்லை என்றால், அதற்குப் பின்னால் வருகிறவற்றை கிளெகோவில் மட்டும் நிறுத்தலாம். ரிவெட் அடிப்பதானால், பின்னால் அந்தத் துண்டு அந்த வாய்வழியாக நுழையுமா என்று அட்டையில் அதே அளவுக்கு வெட்டி நுழைத்துப் பாருங்கள். அட்டை மடங்கும், துண்டு மடங்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

"கை போகாத இடத்துல பாப் ரிவெட் போட்டா வரிசைப் பிரச்சினையே இல்லையே?"

சில விமானங்கள் அப்படியே வடிவமைக்கப்பட்டவை. கிரிஸ் ஹைன்ட்ஸ் வடிவமைத்த ஜெனித் சிஎச் 701 ஒரு பக்கத்திலிருந்தே இழுக்கும் ரிவெட்டால் ஆனது. அதனால் மூடும் வரிசையில் நெருக்கடி குறைவு. ஆனால் அங்கே ரிவெட்டின் வகையும் இடைவெளியும் அந்தப் பலத்துக்குக் கணக்குப் போட்டு வைக்கப்பட்டவை. திட ரிவெட்டுக்குக் கணக்குப் போட்ட இடத்தில் கடையில் கிடைக்கும் பாப் ரிவெட்டைப் போட்டால் பலம் எவ்வளவு குறைந்தது என்று உங்களுக்குத் தெரியாது. வடிவமைத்தவர் எழுத்தில் அனுமதித்த இடத்தில், அவர் சொன்ன ரிவெட்டை மட்டும் போடுங்கள்.

"பேட்டரி எங்க வைக்கறதுன்னு முதல்லயே முடிவு பண்ணணுமா?"

வடிவமைப்பில் இடம் சொல்லியிருந்தால் அங்கேதான். முன்னாலா பின்னாலா என்று தேர்வு கொடுத்திருந்தால் இரண்டு இடத்துக்கும் நட்பிளேட்டும் வயர் பாதையும் வைத்துவிட்டு, முடிவைத் தள்ளிப்போடுங்கள். இன்ஜினும் புரொப்பெல்லரும் மாட்டி எடை போட்ட பிறகுதான் ஈர்ப்பு மையம் எங்கே விழுகிறது என்பது தெரியும். அதைச் சரிசெய்ய உங்கள் கையில் இருக்கும் எளிய வழி பேட்டரி.

"மூடறதுக்கு முன்னாடி யாராவது அதிகாரி பார்க்கணுமா? கட்டினா பறக்க விடுவாங்களா?"

இந்தியாவில் பதிவும் பறக்கத் தகுதி அனுமதியும் இல்லாமல் எந்த விமானமும் பறக்கக் கூடாது. 1934-ஆம் ஆண்டு விமானச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதீய வாயுயான் அதினியம் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அனுமதி தருவது மத்திய அரசின் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ. மும்பையில் வீட்டு மொட்டை மாடியில் விமானம் கட்டிய அமோல் யாதவுக்கு 2017-இல்தான் பதிவு கிடைத்தது, அதற்கு முன் பல வருடம் நடந்தார். ஆகவே தகடு வெட்டும் முன்பே டிஜிசிஏ-வுக்கு எழுதிக் கேளுங்கள். எந்தக் கட்டத்தில் யார் வந்து பார்க்க வேண்டும் என்று அவர்கள் சொல்வதை உங்கள் வரிசையில் ஒரு தாளாகச் சேருங்கள். ஆலப்புழைக்காரர் அசோக் தாமரக்ஷன் பிரிட்டனில் ஸ்லிங் டிஎஸ்ஐ கிட் கட்டிக் குடும்பத்தோடு பறந்ததைக் காட்டி 'அவரால் முடிந்ததே' என்பார்கள். அந்த நாட்டில் கட்டும்போதே கட்டம் கட்டமாக ஆய்வாளர் வந்து பார்க்கும் ஏற்பாடு இருக்கிறது.

யார் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும், ஒவ்வொரு இடத்தையும் மூடும் முன் தேதியோடு, பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்துப் படம் எடுங்கள். பிரைமர் பெயர், ரிவெட் எண், யார் அடித்தது என்று நோட்டில் எழுதுங்கள்.

"அடிச்சுட்டேன், உள்ள ஒண்ணு விட்டுப்போச்சு. திறக்கலாமா?"

திறக்கலாம். ரிவெட் தலையின் நடுவில் புள்ளி வைத்து, ரிவெட்டைவிடக் கொஞ்சம் சிறிய டிரில்லால் தலையின் உயரத்துக்கு மட்டும் துளைத்து, பஞ்ச் என்னும் தட்டுக் கம்பியால் தலையைத் தட்டி எடுங்கள். பின்பக்கத்தில் தாங்கு கொடுத்து மீதியைத் தட்டித் தள்ளுங்கள். துளை பெரிதாகிவிட்டால் அடுத்த அளவு ரிவெட் போடலாம், ஆனால் விளிம்பு தூரம் அதற்கும் போதுமா என்று பார்த்துக்கொண்டு. ஒரே இடத்தில் இரண்டு தடவைக்கு மேல் இப்படிச் செய்ய வேண்டிவந்தால், அந்தத் தகட்டை மாற்றுவது பற்றி வடிவமைத்தவரிடம் கேட்டுவிடுங்கள். ஒரு கையளவு ஆய்வு மூடி வெட்டி வேலையை முடிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அதையும் கேட்காமல் வெட்டாதீர்கள், டெயில்கோனில் ஸ்கின்தான் பாரத்தைத் தாங்குகிறது.